படம் படிந்த பக்கம்

பஞ்சு சாம்பல் நிறத்தில்தான் வந்திருக்க வேண்டும். கறுப்பாக வந்தது.

மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பழைய கண்ணாடித் தகடுகளைத் துடைத்து, ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றுவது அவள் வேலை. தகட்டின் ஒரு பக்கம் வெறும் கண்ணாடி; ஆசை தீரத் தேய்க்கலாம். மறுபக்கம் படம் படிந்த மெல்லிய பூச்சு. மூச்சுக்காற்று பட்டாலே கோபித்துக்கொள்ளும். அவசரத்தில் அவள் தேய்த்தது மறுபக்கத்தை. தம்பியின் கையைப் பிடித்து நின்ற சிறுமிக்குப் பின்னல் இருந்தது, கழுத்து இருந்தது. முகம் பஞ்சோடு போயிருந்தது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். பாரம்பரியம் என்று அவர் சொன்ன தடவைகளை அடுக்கினால் வானத்துக்கு ஏணி கட்டலாம். ஒரு தகட்டைக்கூடத் தொட்டதில்லை.

"என்னம்மா, தவம் பண்றியா? கண்காட்சி கழுத்தை நெரிக்குது. தகட்டை உடைச்சவளை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பினேன், ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார். இதோ முடிஞ்சிடும்."

அவர் போனதும் கைப்பேசியைத் திறந்தாள். மகளின் படம்; அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே உறவு. அதே வயது, அதே கோணல் வகிடு. அந்த முகத்தை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, நாலு கீறலும் புள்ளியும் தூவிச் சிறுமியின் கழுத்துக்கு மேல் ஒட்டினாள். படைத்தவனே வந்தாலும் ஒட்டுத் தெரியாது.

மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அடடா, கண்ணைப் பாரேன்! கூப்பிட்டா ஓடி வந்துடும்போல!" அன்றைக்கே அதை இணையதளத்தின் முகப்பில் ஏற்றினார்.

சாயங்காலம், மேலாளரைத் தவிர எல்லோரும் கிளம்பிய பிறகும் துடைக்கும் திரவத்தின் நெடி அறையை விட்டுப் போக மறுக்க, ஸ்கேனரின் மூடிக்குள் தகடே இல்லாமல் விளக்கு மட்டும் முனகியபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊர்ந்துகொண்டிருந்தது. கைப்பேசி ஒலித்தது. மகள்.

"அம்மா, எப்ப வருவே?"

"கிளம்பிட்டேன்டி வாலு. என்ன பண்றே?"

"யாரோ என் கன்னத்தை ஈரமா துடைக்கிறாங்கம்மா. கூசுது."

"யாருடி? வீட்ல யாரு?"

"யாருமே இல்லம்மா." சிரித்தாள். சிரிப்பு பாதியில் வழுக்கியது. "எரியுதும்மா."

கணினித் திரையில், ஒட்டிய முகத்தின் உதடுகள் ஈரமாக மினுங்கின. அழித்தாள். கோப்பு போனது. இணையதளத்தில் முகம் இருந்தது. வாசலுக்கு ஓடி மேலாளரின் கார் கதவைப் பிடித்தாள்.

"சார், அந்தப் படத்தை எடுத்துடுங்க! அது என் பொண்ணு முகம் சார்!"

"தலை சுத்துதா உனக்கு? எல்லா ஊருக்கும் பிரதி போயாச்சு. இனி யாரு நினைச்சாலும் அழிக்க முடியாது." பூரித்துப்போய்ச் சொன்னார். "அதுக்குத்தானேம்மா நாம இருக்கோம்?"

ஓடினாள். தெரு. மாடிப்படி. சாவி நழுவியது. மறுபடி நழுவியது.

உள்ளே இருட்டு. நெடி. அதே நெடி.

"வாலு?"

சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள்.

பின்னல் அசைந்தது. குழந்தை திரும்பினாள். வகிட்டுக்குக் கீழே நெற்றி இல்லை. கண் இல்லை. அம்மா என்று கூப்பிட வாய் இல்லை. தெளிந்த வெறுமை, அதன் வழியே பின்னால் இருந்த அலமாரி தெரிந்தது. கைகளைக் காற்றில் துழாவிக்கொண்டு நடந்து வந்தவள், அம்மாவின் முகத்தைக் கண்டுபிடித்து, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.