ஆறே முக்காலுக்குத் திறக்கும் கேட்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டிலிருந்து பிரியும் தெருவின் கடைசி வீட்டு முன்னால் மாணிக்கவேல் மொபெட்டை நிறுத்தியபோது மணி ஐந்தரை. காலையில் நெய்வேலியில் ஒரு ஷட்டர் வேலை, மத்தியானம் வேப்பூரில் ஒரு மோட்டார் வேலை. முதுகு விட்டுப்போயிருந்தது. இந்த வீட்டுக்கு இது தொடர்ந்து மூன்றாவது நாள்.

"வாங்க தம்பி," என்றாள் அம்சவல்லி. போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தலையணை, ஒரு டார்ச் லைட்.

"நேத்து ராத்திரியும் இங்கதான் இருந்தீங்களாம்மா?"

"கேட்டு ஆன்னு தொறந்து கெடக்கும்போது உள்ள போயி எப்படிப் படுக்கறது? நாலு ராத்திரி ஆச்சு. இன்னிக்கி ஒரு நாளு அது மூடட்டும் தம்பி. நான் தூங்கணும்."

அவள் கணவர் ஆதிநாராயணன், செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்னத் தொழிற்சாலை வைத்திருந்தவர். இருபது நாளைக்கு முன்னால் சூளையடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். துக்கம் கேட்க வருகிறவர்களுக்காகப் பதினாறு நாளும் கேட் திறந்தே கிடந்தது. கருமாதி முடிந்து உறவெல்லாம் பஸ் ஏறிய அன்று மாலைதான் அம்சவல்லி ரிமோட்டை அழுத்தினாள். கேட் மூடவில்லை. மகள் சிவசங்கரி, பேரனின் பரீட்சைக்காக ஓசூர் போனவள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். அதுவரை வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்த கேட்டைப் போன வருஷம் பொருத்தியதே மாணிக்கவேல்தான். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டு தூண்களிலும் முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொரு கண். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஆளோ மாடோ நின்றால் தூணில் சிவப்பு விளக்கு எரியும். நிற்பவர் நகரும்வரை கேட் மூடாது.

முதல் நாள் கண்ணைத் துடைத்தான். இரண்டாம் நாள் கேட்டை இழுக்கும் மோட்டார் பெட்டிக்குள் இருந்த எறும்பையும் பல்லி முட்டையையும் எடுத்துப் போட்டான். இன்று புதிய கண்களே கொண்டுவந்திருந்தான். மாட்டி முடித்து ஆறு தடவை ஓட்டிப் பார்த்தான். தண்டவாளத்தில் கேட் வெண்ணெய் போல ஓடியது.

"பகல்ல அது ஒழுங்காத்தான் இருக்குது," என்றாள் அவள். "ஆறே முக்கால் ஆவட்டும்."

கையெல்லாம் கிரீஸ். வீட்டுப் பக்கவாட்டில் இருந்த குழாயடிக்குப் போனவனை அவள் தடுத்தாள்.

"அதுல வராது தம்பி. இறுகிப் போச்சு. சூளையிலேருந்து வந்ததும் அவரு கால் கழுவுற குழாயி. அவரு கைக்குத்தான் தொறக்கும். நீங்க உள்ள வாங்க."

டீ கொடுத்தாள். தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"முன்னெல்லாம் அவரு ஹாரன் அடிச்சா அடுப்ப வுட்டுட்டு நான் ஓடியாரணும். ஒரு நாளு மழையில வழுக்கி வுழுந்துட்டேன். மறுநாளே ஒங்களக் கூட்டியாந்துட்டாரு. இனிமே நீ ஓடியாராத அம்சான்னாரு."

மாணிக்கவேலின் செல்போன் அடித்தது. அவன் மனைவி வேம்பு.

"இன்னுமா அந்த கேட்டு? பேசாம அதுங்கூடவே குடும்பம் நடத்துங்க!"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "வரேன், வரேன். அரை மணி நேரம்," என்று வைத்தான்.

கேட்டை மூடி, ரிமோட்டை அம்சவல்லியின் கண் முன்னால் திண்டில் வைத்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. எஸ்டேட் பக்கமிருந்து புகை தாழ்வாக வந்தது. ஜங்ஷனில் ஏதோ ஒரு ரயில் கூவிவிட்டு அடங்கியது.

மோட்டார் உறுமியது.

ரிமோட்டை யாரும் தொடவில்லை. கேட் மெல்ல நகர்ந்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, நின்றது. தூணில் சிவப்பு விளக்கு எரிந்தது.

நடுவில் யாரும் இல்லை.

மாணிக்கவேல் எழுந்து போனான். கண்களுக்குப் போகும் ஒயரை மொத்தமாகப் பிடுங்கினான். அணைய வேண்டிய விளக்கு அணையவில்லை.

மோட்டாரிலிருந்து கேட்டை விடுவிக்கும் சாவியைப் போட்டுத் திருப்பினான். இனி அது வெறும் இரும்புக் கேட். கையால் தள்ளினால் போதும். தள்ளினான். ஒரு சாண் நகர்ந்தது. பிறகு எதன்மேலோ மோதியது.

கல்லில் மோதியதுபோல் இல்லை. சுவரில் மோதியதுபோலும் இல்லை. கூட்டமான பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் தோளில் மோதுவோமே, அப்படி.

அவன் கையை எடுத்துவிட்டான்.

இடைவெளியிலிருந்து ஈரக் களிமண் வாசனை வந்தது. கூடவே, சூளைக் கதவைத் திறந்ததுபோல் ஒரு வெக்கை.

"அம்மா," என்றான். "இது ரிப்பேரு இல்லம்மா."

அம்சவல்லி சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் தம்பி," என்றாள். "நான்தான் தப்பு பண்ணிட்டேன். அவரத் தூக்கிட்டுப் போறாங்க. கேட்ட நல்லா தொறங்கன்னு யாரோ கத்துனாங்க. நான் ரிமோட்ட அமுக்குனேன். இருவத்தெட்டு வருசமா தெனம் காலையில சொன்ன வாயி. பழக்கத்துல வந்துடுச்சி..."

"என்ன வந்துச்சி?"

"போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்."

மாணிக்கவேல் கேட்டிலிருந்து ஓரடி பின்வாங்கினான். துக்க வீட்டுக்கு வந்தவன்கூட 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது. கருமாதி முடிந்துவிட்டது என்றாலும், முந்தின இரண்டு நாளும் அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத்தான் கிளம்பினான். அவளும் தலையை மட்டும் ஆட்டினாள். இவளோ, பாடையில் போனவரைப் பார்த்து...

"சூளையிலேருந்து வர்ற நேரத்துக்குத் தெனம் வந்து நிக்கிறாரு," என்றாள் அவள். "உள்ளயும் வரல. போவவும் இல்ல."

"நீங்க சொல்லித்தான் வந்தாரு. நீங்கதான் அனுப்பணும்," என்று கிசுகிசுத்தான் மாணிக்கவேல். "போங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா. அது மூடிக்கும். நீங்களும் தூங்குவீங்க."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். கால்களை இழுத்து இழுத்து கேட் வரைக்கும் போனாள். நாலு ராத்திரித் தூக்கமும் அந்த நடையில் இருந்தது. இடைவெளிக்கு நேராக நின்று, சற்றே நிமிர்ந்து பார்த்தாள். ஆதிநாராயணன் அவளைவிட ஒரு தலை உயரம்.

அவள் உதடு துடித்தது. "போ..." என்றாள்.

சிவப்பு விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

அம்சவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். தோள்கள் தளர்ந்தன. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த கணவனிடம், வேலை ஓயாத மனைவி பேசுகிற அதே அலுத்த குரலில் சொன்னாள்.

"எவ்ளோ நேரந்தான் நிப்பீங்க? உள்ள வாங்க. எனக்குத் தூக்கம் வருது."

விளக்கு அணைந்தது.

மாணிக்கவேலை ஒட்டி ஒரு வெக்கை கடந்து போனது. மோட்டாரிலிருந்து விடுவிக்கப்பட்ட கேட், யார் கையும் படாமல், சத்தமில்லாமல் ஓடி மூடிக்கொண்டது.

வீட்டின் பக்கவாட்டில் குழாய் கிறீச்சென்று திறந்தது. தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழும் சத்தம்.

அம்சவல்லி அந்தப் பக்கம் திரும்பினாள். "துண்டு எடுத்து வெக்கணும்," என்று முணுமுணுத்தாள். கொட்டாவி விட்டாள்.

மாணிக்கவேல் கருவிகளை அள்ளிப் பையில் போட்டான். ஸ்பேனர் ஒன்று கீழேயே கிடந்தது, எடுக்கவில்லை. கேட்டைத் தொடாமல், தூணுக்கு அந்தப் பக்கம் ஆள் போக வைத்திருந்த சின்னக் கதவு வழியாக வெளியே வந்து, மொபெட்டை உதைத்தான். வழக்கம்போல் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான்.

கேட் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அம்சவல்லி நின்றிருந்தாள். முகத்தில் தூக்கம் வழிந்தது. உதட்டில் லேசான சிரிப்பு.

"இன்னா தம்பி, சொல்லாம கெளம்புறீங்க?" என்றாள். "போயிட்டு வரேன்னு சொல்லுங்க. இது என்ன எழவு வூடா?"

அவன் வாயைத் திறந்தான்.

உள்ளே, யாரோ குழாயை இறுக்கி மூடினார்கள்.