பதில் கொடுக்காதே

மரியபுஷ்பம் டீச்சர் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார்.

"நாளைக்கு ஒரு கட்டுரை எழுதிட்டு வரணும். 'பயமா இருந்துச்சு'ன்னு ஒருத்தரும் எழுதக் கூடாது. அந்த வார்த்தை இல்லாமலே படிக்கிற எனக்குப் பயம் வரணும். கண்ணுல பட்டது மட்டும் போதாது. காதுல கேட்டது, மூக்குல ஏறுனது, தோல்ல பட்டது எல்லாம் வரணும்."

"ஏனுங்க டீச்சர், நாக்கு?" என்றான் வேடியப்பன்.

"உன் நாக்கைப் பத்தி ஊருக்கே தெரியும் சாமி. உக்காரு."

வகுப்பே சிரித்தது. மரியசெல்வி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நாகலூர் பள்ளியிலிருந்து எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்குக் காப்பித் தோட்டத்தின் நடுவேதான் போக வேண்டும். கூடவே ஒன்றாம் வகுப்புத் தம்பி சிங்கராயர். பாதி வழியில் பனி இறங்கிவிட்டது. ஏற்காட்டுப் பனியை நம்பக் கூடாது. எதிரே நிற்கிற மரத்தை விழுங்கிவிட்டு, ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கும்.

கட்டுரையை ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல இடம் ஏது?

"சிங்கா, அந்த சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால ஒண்ணு நிக்குது."

"என்னது?"

"அதுக்குப் பேரு கிடையாது. நனைஞ்ச சாக்கு மாதிரி நாறும். மூச்சு விட்டா உன் பின்கழுத்துல சூடாப் படும். நடந்தா சத்தமே வராது. ஆனா அது வந்து நின்னா, இலையிலிருந்து தண்ணி சொட்டறது நின்னு போயிரும்."

சிங்கராயர் பின்கழுத்தைத் தடவிக்கொண்டான். அதைப் பார்த்ததும் மரியசெல்விக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் ஒன்று சேர்த்தாள்.

காப்பிப் பழம் பறிக்கிறவர்களுக்குச் செடி மறைவில் ஒருவரை ஒருவர் தெரியாது. அதனால் "ஊஊய்!" என்று குரல் கொடுப்பார்கள். கேட்டவர் திருப்பிக் குரல் கொடுத்தே ஆக வேண்டும். லைன் வீட்டுப் பிள்ளைகள் பேச்சோடு பேச்சாக இதையும் பழகிவிடும்.

"அது நம்ம குரல்லயே கூப்பிடும்டா. என் குரல்லகூட 'ஊஊய்'னு கூப்பிடும். நீ பதில் கொடுத்தா முடிஞ்சுது. நீ இருக்கற இடம் அதுக்குத் தெரிஞ்சிரும்."

"போக்கா, பொய்!" என்றான். ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் ஒரு கிளை முறிந்தது. 'ப்பூஸ்' என்று ஒரு பெரிய மூச்சு.

கையை உதறிக்கொண்டு ஓடினான் சிங்கராயர். பனி அவனை மூடிக்கொண்டது.

"சிங்கா! ஊஊய்!"

பதில் இல்லை.

"ஊஊய்!"

இல்லை. எப்படிக் கொடுப்பான்? அவன் வாயை அடைத்ததே அவள்தானே!

பின்னால் கறக் கறக் என்று மெல்லும் சத்தம். மாட்டுக் கொட்டகை நாற்றம், ஆனால் அதைவிடக் காட்டமாக. காட்டெருமை! போன மாதம் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் சைக்கிளை முட்டி வளைத்தது இதுவாகத்தான் இருக்கும். கத்தினால் மிரளும். மிரண்டால் எந்தப் பக்கம் பாயும்? தம்பி எந்தப் பக்கம் இருக்கிறான்?

உதட்டைக் கடித்ததில் நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது. மெல்லச் செடியோரம் உட்கார்ந்தாள். 'நான்தான்டா அக்கா' என்று சொல்லிப் பயனில்லை. அந்தப் பேரில்லாததும் அப்படித்தானே சொல்லும்? அக்காவுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்ல வேண்டும்.

"சிங்கா," என்றாள் தாழ்ந்த குரலில். "குளிருதுன்னு ராத்திரி உன் காலை என் வயித்துல வெப்பே. ஈரக் கல்லு மாதிரி இருக்கும். உன் தலையில வேப்பெண்ணெய் நாத்தம் நொம்ப அடிக்கும். தூங்கறப்ப உன் மூக்கு சேலம் பஸ் பிரேக்காட்டம் கீச்சுங்கும்."

சத்தமே இல்லை. காட்டெருமை மெல்லுவதுகூட நின்றுவிட்டது.

அவள் விடவில்லை. "நேத்து ராத்திரி தூக்கத்துல 'எனக்கு வடை, எனக்கு வடை'ன்னு என் காதுக்குள்ள சொன்னே. சூடா எச்சில் பட்டுச்சு."

கை எட்டும் தூரத்துச் செடிக்கு அடியிலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் வந்தது.

"வடையில்ல. போண்டா."

தவழ்ந்து போய் அவனைக் கட்டிக்கொண்டாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். கனத்த குளம்புகள் ஈரச் சருகை அழுத்திக்கொண்டு சரிவில் இறங்கின. சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

"மன்னிச்சுக்கடா. அது நான் சும்மா சொன்னது."

"சரி, ஊட்டுக்குப் போலாம்," என்று அவள் கையை இறுகப் பிடித்தான். "பேசிக்கிட்டே வாக்கா. ஆனா நெசமா இருக்கறத மட்டும் சொல்லு."

"புளிச்ச வாசம் வருதா? காப்பிப் பழத் தோல் கொட்டற குழி அது. கீழ்ப்பக்கம் இருக்குது. இப்ப கால்ல ஜல்லி குத்துதா? இது ஜீப் பாதை. அங்க யாரோ இருமறாங்க. அது பெரியண்ணன் மாமா..."

லைன் வீட்டு விளக்குகள் தெரியும் வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். அதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை.