கால் அமுக்கியவள்

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதுமே மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிமலைக்கு அப்பால் அந்தப் பழைய அரண்மனை வாசலில் கார் நின்றபோது, மத்தியானமே பொழுது சாய்ந்ததுபோல இருட்டிக் கிடந்தது.

அரண்மனையை ஓட்டலாக மாற்றி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மொத்தமே ஐந்து அறைகள். அன்றைக்கு வேறு யாரும் தங்கவில்லை.

ரீத்தாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். இதற்கு முன் இரண்டு முறை தரித்தும் தங்கவில்லை. இந்தத் தடவை டாக்டரம்மாவே பயமில்லை என்று சொன்ன பிறகுதான், "மலைக்காத்து வாங்கிக்கினு வரலாம் வா" என்று கணவன் லூர்துராஜ் சின்னசேலத்திலிருந்து கூட்டி வந்திருந்தான்.

மாடி அறையில் அகலமான தேக்குக் கட்டில். ஈரச் சுவரின் வாடையோடு எங்கிருந்தோ விளக்கெண்ணெய் வாசம். ரீத்தாவின் பாதங்கள் வீங்கியிருந்தன. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"நீ படு. டீ சொல்லிட்டு வரேன்," என்று லூர்துராஜ் கீழே போனான்.

கண் அசரும்போது லூர்துராஜ் திரும்பி வந்து கால்மாட்டில் உட்கார்ந்தான். பாதத்தை அமுக்கிவிட ஆரம்பித்தான். இவ்வளவு பதமாக அவனுக்கு அமுக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நல்லாக்குதுங்க," என்று முனகினாள். "இன்னும் கொஞ்சம்."

கைகள் கெண்டைக்காலுக்கு ஏறின.

அப்போது கீழே முற்றத்திலிருந்து லூர்துராஜின் சிரிப்பு கேட்டது.

தூக்கம் பறந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

கைகள் நிற்கவில்லை.

சின்னக் கைகள். சில்லிட்ட, காய்ப்புக் காய்த்த உள்ளங்கைகள். முழங்கால். தொடை. பிறகு வயிற்றின் மேல் வந்து அசையாமல் நின்றன.

உள்ளே குழந்தை துள்ளியது. வெளியே விரல்கள், தூங்கவைப்பதுபோல, மெல்லத் தட்டிக்கொடுத்தன.

"மாதாவே!"

அலறி எழுந்தாள். கால்மாட்டில் யாருமில்லை. மெத்தை மட்டும் குழிந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அந்தக் குழி மெதுவாக மேலெழும்பிச் சமமானது.

கீழே வந்து, யாரோ கால் அமுக்கியதை அவள் சொன்னதும் காவல்காரர் மாயவன் கிட்டே வந்தார்.

"அந்த ரூம கொடுக்காதீங்கன்னு சொன்னேன், கேக்கல," என்றார் குரலைத் தாழ்த்தி. "அந்தக் காலத்துல ராணியம்மாவுக்கு அங்கதான் தலைப்பிரசவம். கால் அமுக்க ஒரு மலைப்பொண்ணு இருந்துச்சாம். தாயும் புள்ளையும் செத்துப் பூட்டாங்க. அவ கைராசிதான் காரணம்னு சொல்லி, அவள உள்ள வெச்சே கதவச் சாத்திட்டாங்களாம்."

"எப்ப தொறந்தாங்க?" என்றான் லூர்துராஜ்.

மாயவன் மாடிக்குப் போய் அவர்கள் பையை எடுத்து வந்து வைத்தார்.

பையைத் தூக்கிக்கொண்டு அப்போதே மலை இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை சின்னசேலத்தில் நல்ல வெயில். லூர்துராஜ் வேலைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் கீரையோடு உள்ளே வந்தாள்.

"யாரு ரீத்தா அந்தப் பொண்ணு? வெடிஞ்சதுலேருந்து உன் வூட்டு வாசல்லயே குந்திக்கினு இருந்துச்சு. உள்ள போயேன்னா, யாராச்சும் கூப்புட்டாத்தான் வருவேன்னுச்சு."

ரீத்தா வயிற்றை இரு கையாலும் பொத்திக்கொண்டாள். "இப்ப... இருக்குதாக்கா?"

காசியம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"இல்லியே. சரி வான்னு நான்தான் கூப்புட்டேன். என் பின்னாலயே உள்ள வந்துச்சே."