இயல்பான இதயம்

நடுவர் வரிசையாக நடந்து வந்தார். பதினான்கு ஆட்டக்காரர்களும் பனியனைக் கழுத்துவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் இடது மார்பிலும் கட்டைவிரல் அகலத்தில் ஒரு துடிப்பட்டை ஒட்டியிருந்தது. அதன் நடுவில் கடுகளவு விளக்கு. பதினான்கும் பச்சை. நடுவர் தலையாட்டினார். பாளையங்கோட்டை உள்ளரங்கில் காலை பத்து மணி கபடி ஆட்டம் தொடங்கியது.

யாரிடமும் ரத்தமோ சிறுநீரோ கேட்கவில்லை. அந்தச் சோதனைகள் எல்லாம் ஒழிந்து எட்டு வருடம் ஆகிவிட்டது.

அதற்கு முன்பு ஸ்டீராய்டு ஊசியை ஒளித்துத்தான் போட்டுக்கொள்வார்கள். உடம்பு மூன்றே மாதத்தில் பெருக்கும். ஆனால் தோளையும் தொடையையும் வளர்க்கிற மருந்து இதயத்தின் தசையையும் விட்டுவைக்காது. அதன் சுவர் தடிக்கும், தடித்த இடத்தில் வடு விழும். இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் அந்த வடுவைச் சுற்றி வழிதவறிப் போனால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கும். நடுங்குகிற இதயம் ரத்தத்தைத் தள்ளாது. முப்பது வயதுகூட ஆகாத பிள்ளைகள் மாடிப்படியில் விழுந்து செத்தார்கள்.

துடிப்பட்டை வந்ததும் அந்தப் பயம் போயிற்று. ஒவ்வொரு துடிப்பின் மின்கோட்டையும் அது படிக்கும். அடுத்த மூன்று நாளைக்கு இந்த இதயம் எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்லும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் ஊசியைக் குறைக்க வேண்டும். சிவப்பு என்றால் ஆள் விழுவதற்கு முன்பே உயிரூர்தி வாசலுக்கு வந்துவிடும். பட்டை பச்சையாக இருக்கும்வரை யாரும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. மருந்துக்குத் தசையூசி என்று பெயர் மாறியது. ஆட்டக்காரர்கள் போட்டார்கள். காவலர்கள் போட்டார்கள். கல்யாணத் தேதி குறித்த மாப்பிள்ளைகளும் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பட்டையை உருவாக்கியவர்களில் ஒருத்தி அரங்கின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் பெனிட்டா. வயது முப்பத்தெட்டு. சென்னையில் துடி ஆய்வகத்தில் வேலை. தம்பி ஜெரோமின் ஆட்டத்தைப் பார்க்க இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தாள்.

காலையில் இட்லி சாப்பிடும்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். ஒரு கையில் இட்லி, இன்னொரு கையில் ஊசிப்பேனா. தொடையில் அழுத்திவிட்டு, பல் துலக்கி முடித்தவன் போல மேசையில் வைத்தான். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது.

"ஒழுங்கா உறங்குதியால?"

"ரெண்டு தலகாணி வச்சாத்தான் மூச்சு சீராவுது. மல்லாந்து படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும். நடுவுல ஒண்ணு அடிக்க மறந்துரும். பெறவு டமார்னு ஒண்ணு அடிக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

அவன் சிரித்தான். பனியனை விலக்கி விளக்கைக் காட்டினான். "எக்கா, இது நீ செஞ்ச பட்ட. இதவிட எந்த டாக்டரு சொல்லப் போறான்?"

அவள் இன்னொரு இட்லியை அவன் தட்டில் வைத்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது நிமிடம் ஜெரோம் எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டு போனான். அவன் குரல் கூரையில் முட்டித் திரும்பியது. இடது மூலையில் நின்றவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நடுக்கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது பாட்டு பாதியில் அறுந்தது. முழங்கால் மடங்கியது. முகம் தரையில் மோதிய சத்தம் மூன்றாவது வரிசைவரை கேட்டது.

யாரும் அவனைப் பிடித்திருக்கவில்லை.

நடுவர் குனிந்து பார்த்தார். பனியனின் மெல்லிய துணி வழியாகப் பச்சை விளக்கு தெரிந்தது. நிமிர்ந்து விசில் ஊதினார். பாட்டு நின்றதால் எதிரணிக்கு ஒரு புள்ளி. பலகையில் எண் மாறியது. எதிரணியினர் கை தட்டினார்கள். கூட்டத்தில் ஒருவன், "எந்திரிச்சு வால, நடிக்காத!" என்று கத்தினான்.

பெனிட்டா தடுப்புக் கம்பியைத் தாண்டிக் குதித்தாள். எப்படிக் குதித்தாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. அவனைப் புரட்டிப் போட்டாள். உதடு நீலமாக இருந்தது. கழுத்தில் விரலை வைத்தாள். எதுவும் இல்லை.

"நாடி இல்ல! அதிர்வுப் பெட்டியக் கொண்டாங்க!"

"பச்சையாத்தானம்மா இருக்கு," என்றார் நடுவர்.

"அது கணிப்பு! பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவதான் மாறும். இப்ப துடிக்குதான்னு அதுக்குத் தெரியாது!"

அவன் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் அந்தப் பெட்டியை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். மூடியைத் திறந்தபோது இனிமையான ஒரு பெண் குரல் பேசியது: "இவருடைய துடிப்பட்டை பச்சை. அதிர்வு தேவையில்லை. பதற்றப்படாதீர்கள்."

தேவையில்லாமல் யாருக்கும் அதிர்வு கொடுத்துவிடக் கூடாது என்று பெட்டிகளைப் பட்டையோடு இணைத்திருந்தார்கள். அந்த யோசனைக்கு ஆய்வகக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

பட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பில் பிய்த்தாள். தோலும் சேர்ந்து வந்தது. பெட்டியின் தகடுகளை அவன் நெஞ்சில் ஒட்டினாள். பெட்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு இதயத்தைத் தானே படித்தது. "விலகி நில்லுங்கள்." ஜெரோமின் உடம்பு துள்ளி விழுந்தது. இன்னொரு முறை துள்ளியது. மூன்றாம் முறைக்குப் பிறகு அவன் தொண்டையில் ஏதோ கரகரத்தது.

 பிய்த்தெடுத்த பட்டை பெனிட்டாவின் கையில் இன்னமும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். இதய மருத்துவர் கோமதிநாயகம் ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியானவர். ஒரு மணி நேரம் கழித்து பெனிட்டாவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"பொழச்சுக்கிட்டான். உள்ள ஒரு கருவி வைக்கணும். இனிமே ஆட்டம் கிடையாது. ஆனா இதப் பாருங்க." திரையில் இதயம் சுருங்கி விரிந்தது. "இந்தச் சுவர் இருக்க வேண்டியதைப்போல ஒண்ணே முக்கால் மடங்கு இருக்கு. இந்த வெள்ளையெல்லாம் வடு. இருபத்தாறு வயசுப் பையன் இதயமாம்மா இது?"

"ஒரே நாள்ல வந்திருக்காது."

"வருஷக்கணக்கா வந்திருக்கு. உங்க பட்டை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு விடை தேட அவளிடம் சாவி இருந்தது. மருத்துவரின் அறையிலேயே உட்கார்ந்து ஜெரோமின் பதிவைத் திறந்தாள். கடைசிப் பதினொரு மாதத் துடிப்புகள். தாளம் தப்பிய துடிப்புகள், விட்டுப்போன துடிப்புகள், மாதத்துக்கு மாதம் அகன்றுகொண்டே போன மின்கோடு. எதையும் பட்டை தவறவிடவில்லை. எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பச்சை என்று சொல்லியிருக்கிறது.

ஏன் என்று அவளுக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது. 

இயல்பான துடிப்பு எது என்பதைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். புத்தகத்தில் இருப்பது யாரோ வெளிநாட்டுக்காரர்களின் இதயம். நம் மக்களின் துடிப்பிலிருந்தே பட்டை கற்றுக்கொள்ளட்டும் என்று வாதாடி ஜெயித்தாள். அதன்படி மாதம் ஒருமுறை பட்டை தன்னை அணிந்திருக்கிற எல்லாருடைய துடிப்பையும் சேர்த்துப் பார்க்கும். பெரும்பாலானோருக்கு எப்படியோ அதுவே இயல்பு. முதல் வருடம் நாட்டில் எல்லாரும் ஆசையாக ஒட்டிக்கொண்டார்கள். பிறகு ஊசி போடாதவர்களுக்குப் பட்டை எதற்கு? ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஊசி போடுகிறவர்கள். அவர்களுடைய இதயங்கள் மாதத்துக்கு ஒரு நூல் தடித்தன. இயல்பும் மாதத்துக்கு ஒரு நூல் நகர்ந்தது.

நூறு ஆட்டக்காரர்களின் பதிவை எடுத்தாள். ஜெரோமின் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய எல்லாம் ஒரே கோடு.

பிறகு இறந்துபோனவர்களின் பட்டியலைத் தேடினாள். பட்டை அணிந்தவர்களில் மாரடைப்பால் இறந்ததாக ஒருவர் பெயரும் இல்லை. வெயில் தாக்கியது, குளியலறையில் வழுக்கி விழுந்தது, தூக்கத்தில் மூச்சு நின்றது என்று இருந்தது. விளக்கு பச்சையாக இருந்ததால் இதயத்தை யாரும் சந்தேகப்படவே இல்லை.

சென்னைக்கு அழைத்தாள். ஆய்வகத் தலைவி வசுந்தரா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"எத்தனை பேர் பெனிட்டா?"

"பட்டை போட்டிருக்கிறவங்க நாற்பது லட்சம். பாதிக்கு மேல தடிச்ச இதயம்னு நினைக்கிறேன் மேடம்."

"முதல் வருஷத்து இயல்புக்கே திருப்பி வச்சா?"

"ஒரே நேரத்துல இருபது லட்சம் சிவப்பு."

 "உன் கணக்கு தப்பா இருந்தா? அத்தனை பேரும் பயந்து ஓடுவாங்க. பயத்துலயே சில பேர் விழுவாங்க. வேற ஒரு சோதனை பண்ணிக் காட்டு. ஊசியே போடாத ஒரு இதயத்துக்குப் பட்டை என்ன சொல்லுதுன்னு பாரு."

மருத்துவமனையில் புதிய பட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. பெனிட்டா ஒன்றை ஒட்டிக்கொண்டாள். மருத்துவரும் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "நான் தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கேன். எனக்கும் ஒண்ணு போடுங்க." இருவருக்கும் பழைய முறைப்படி காகிதத்தில் இதயவரைவு எடுத்தார்கள். இரண்டிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. பட்டையின் முதல் கணிப்புக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் செவிலி வந்து ஜெரோம் கண் விழித்துவிட்டதாகச் சொன்னாள். பெனிட்டா ஓடினாள். அவன் உதடு வீங்கியிருந்தது.

"எக்கா, பாயிண்ட அவனுவளுக்குக் குடுத்துட்டானுவளா?"

"குடுத்துட்டாங்கல."

"நான் தொட்டுட்டுத்தான வந்தேன்." வீங்கிய உதட்டைத் தடவினான். "பட்ட என்ன நெறம் காட்டிச்சு?"

"பச்ச."

அவன் முகம் தெளிந்தது. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லல்லா?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தபோது அவள் கைபேசி அலறியது. குனிந்து பார்த்தாள். அவளுடைய மார்பில் விளக்கு சிவப்பாக எரிந்தது. திரையில் எழுத்து ஓடியது: உங்கள் இதயம் இயல்பிலிருந்து மிகவும் விலகியிருக்கிறது. அசையாமல் படுங்கள். உயிரூர்தி வந்துகொண்டிருக்கிறது.

அறை வாசலில் கோமதிநாயகம் வந்து நின்றார். அவர் மார்பிலும் சிவப்பு.

ஜெரோம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "எக்கா, ஒனக்கு என்ன ஆச்சு?" என்று எழுந்திருக்கப் பார்த்தான். அவனுடைய மார்பில் செவிலி, விதிமுறைப்படி, அவனுக்கான புதுப் பட்டையை ஏற்கனவே ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். அது பச்சை.

அவனைப் படுக்கவைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். "தப்பு என்னோடதுல. உன் நெஞ்சு காலையில சொன்னதுதான் நெசம். நான்தான் கேக்கல." அவன் தலையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தான். பட்டையைத் தானே பிய்த்துப் போட்டான்.

வசுந்தராவிடம் சொன்னபோது அவர் குரல் மாறியிருந்தது. "நானும் ஒண்ணு ஒட்டிக்கிட்டேன் பெனிட்டா. எனக்கும் சிவப்பு. முதல்ல திருநெல்வேலியில மட்டும் மாத்து. சிவப்பு வந்தா ஊர்தி போகாம, 'ஊசியை நிறுத்து, மருத்துவரைப் பாரு'ன்னு செய்தி மட்டும் போகட்டும். அதை நான் இங்கேருந்து பார்த்துக்கறேன். ஒரு மணி நேரம் கவனிச்சுட்டு மத்த மாவட்டங்களுக்குப் போவோம்."

அவள் முதல் வருடத்து இயல்பைத் தேடி எடுத்தாள். மாற்றத்துக்கு ஒப்புதல் தர விரல் ரேகை கேட்டது. வைத்தாள்.

அதே நேரத்தில் லிஃப்ட் திறந்தது. அவளுடைய சிவப்புக்காக ஏற்கனவே கிளம்பிவிட்ட உயிரூர்திக்காரர்கள் இருவர் தள்ளுகட்டிலோடு விரைந்து வந்தார்கள். வெள்ளைச் சீருடை தோளில் பிதுங்கிக் கிழியும் போலிருந்தது. ஆளைத் தூக்குகிற வேலை. ஊசி போடாதவர்கள் அந்த வேலையில் அரிது.

"பெனிட்டா யாரு? நீங்களாம்மா? படுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. பட்டையிலதான் கோளாறு."

"சிவப்பு வந்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் மூத்தவர். "நடக்கக்கூடப் படாது. வாங்க, நாங்க தூக்குதோம்." அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. குனிந்து, ஒரு கையை அவள் முதுகுக்குப் பின்னால் கொடுத்தார்.

கூட வந்தவன் நகரவில்லை. "அண்ணாச்சி, ஒம்ம நெஞ்சப் பாரும்," என்றான். குரல் உள்ளே போயிருந்தது.

மூத்தவர் குனிந்து பார்த்தார். வெள்ளைத் துணிக்குள் சிவப்பு எரிந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவனுக்கும் சிவப்பு. நடைபாதையின் கோடியில் ஒரு கைபேசி அலறியது. பிறகு மாடிப்படியில் ஒன்று. பிறகு கீழே காவலர் அறையிலும், வாகனம் நிறுத்துமிடத்திலும், எதிர்ச்சாலைக் கடைகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கி, எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

மூத்தவர் அவள் முதுகிலிருந்து கையை எடுத்தார். தான் கொண்டுவந்த தள்ளுகட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"எம்மா," என்றார். "இப்ப எங்கள யாரு தூக்குவா?"

பெனிட்டா அவர் முன்னால் மண்டியிட்டு, தடித்த மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது வரவில்லை. விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.