பின்னால் என்றார் செல்லன்

செல்லன் என்ற பெயரில் வந்த அந்தப் பார்வையாளருக்கு முகமே இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வட்டம் மட்டும்தான்.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்தத் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு பேர்தான் படித்தார்கள். புதிய பிள்ளைகள் சேர வேண்டுமே என்று, புனிதவதி டீச்சர், எல்லாரும் மண்டபத்தில் கூடும் திங்கட்கிழமைச் சபைகூடலைத் தம் கைப்பேசி வழியாகப் பள்ளியின் முகநூலில் நேரலையாகக் காட்டினார். அறிவிப்பாளர் ஐந்தாம் ஆண்டு விஷாலினி. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பார்த்தவர்கள் நாலைந்து பேர்.

மூன்றாவது வாரம், செல்லனிடமிருந்து ஒரே ஒரு சொல் திரையில் வந்தது.

“பின்னால்.”

விஷாலினி சட்டென்று திரும்பினாள். பிள்ளைகள். மண்டபத்துச் சுவர். பழைய கடிகாரம். வேறு யாரும் இல்லை.

அடுத்த வாரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடியும் அதே சொல்.

“பின்னால்.”

“பேய் லா!” என்றான் வகுப்புத் தோழன் திவாகரன். செய்தி பரவியது. ஐந்தாவது வாரம் நானூறு பேர் பார்த்தார்கள்.

“நல்லதுதானே? பேய் வந்தா ஆளுங்களும் வராங்க!” என்று திவாகரன் சிரித்தான்.

விஷாலினிக்குச் சிரிப்பு வரவில்லை. பின்வரிசையில் இருந்த முதலாம் ஆண்டு லோகேஸ்வரி அவளிடம் ஓடி வந்திருந்தாள்.

“அக்கா, எனக்குப் பின்னால யாரு நிக்கிறா?”

“அழாத. நான் பார்த்துச் சொல்றேன்.”

ஓய்வு நேரத்தில், டீச்சரிடம் கேட்டு ஐந்து வாரக் காணொளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். பேச்சைக் கேட்கவில்லை. சுவரை மட்டும் பார்த்தாள்.

முதல் வாரம், தரையை ஒட்டி முடி போல ஒரு கறுப்புக் கோடு. அடுத்த வாரம் அது சன்னல் உயரத்தில் இருந்தது. பிறகு கடிகாரத்தருகே. ஐந்தாம் வாரம் கூரை உத்தரத்தைத் தொட்டுவிட்டது. யாரும் கவனிக்காத நேரத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல ஏறியிருந்தது.

அவள் கைப்பேசியை டீச்சரிடம் நீட்டினாள்.

“டீச்சர்! இது பேய் இல்ல. சுவர் விரிசல் விடுது!”

டீச்சர் தலைமையாசிரியரிடம் ஓடினார். அன்றே மண்டபத்தைப் பூட்டினார்கள்.

புதன்கிழமை மதியம் பேய்மழை. பூட்டிய கதவுக்குள் படாரென்று ஒரு சத்தம். சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பின்வரிசை இருந்த இடத்தில் செங்கல்லும் உத்தரமும் குவிந்து கிடந்தன.

லோகேஸ்வரி விஷாலினியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சரை அருகில் வைத்துக்கொண்டு விஷாலினி செல்லனுக்கு எழுதினாள்: ‘நன்றி அங்கிள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஏன் ஒரு சொல் மட்டும் எழுதினீர்கள்?’

பதில் வர அரை மணி நேரமானது.

‘கொத்தனார். பக்கவாதம். ஒரு விரல்தான் அசையும்.’

“நாம இவரைப் போய் பேய்னு சொன்னோமே,” என்று திவாகரன் தலையைச் சொறிந்தான்.

அடுத்த திங்கள் சபைகூடல் சிற்றுண்டிச்சாலையில் நடந்தது. பேய் போனதும் ஆட்களும் போய்விட்டார்கள். பார்த்தவர்கள் பதினோரு பேர். அதில் ஓர் அம்மா, ‘என் மகளைச் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும்?’ என்று கேட்டிருந்தார்.

“செல்லன் அங்கிள், வணக்கம்!” என்று முப்பத்தொரு பேரும் சொன்னார்கள். பிறகு திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

எழுத்துகள் வந்தன.

“கேட்கவில்லை.”

“இன்னொரு தடவை!” என்றாள் விஷாலினி.

இந்த முறை செம்பனை மரங்களில் இருந்த கொக்குகளெல்லாம் பறந்தன.