ஏழாம் குடிலின் கூரை

கூரைக் கண்ணாடிக்குள் சூடேற்றும் கம்பி ஓடுகிறது. விழுகிற பனி விழுந்ததுமே உருகிவிடும். ஆனாலும் ஏழாம் குடிலின் மேல் ஓர் ஆள் நீளத்துக்குப் பனி உருகாமல் கிடந்தது.

பிற்பகல் மூன்று மணிதான். சூரியன் தலைகாட்டியே மூன்று வாரமாகிவிட்டதால் வெளியே கும்மிருட்டு. பதினொரு குடில்களைக் கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்றி, ஹெல்காவுக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. வடதுருவ வானில் பச்சையாய் நெளியும் வடக்கொளியைப் பார்க்க வந்து தங்குகிறவர்கள் அண்ணாந்தே கிடப்பார்கள்; தரையில் கொட்டியதை ஒருவரும் பார்ப்பதில்லை. இரண்டு பேர் வேலை அது. கூட வேலை பார்க்கும் தங்கை சைமி காய்ச்சலில் சுருண்டு, காலியாக இருந்த இந்த ஏழாம் குடிலிலேயே படுத்துவிட்டாள். வீட்டுக்குப் போக ஆறு மணிக்குத்தான் பேருந்து.

"அக்கா, மேல யாரோ குப்புறப் படுத்திருக்காங்க."

"ஆமா, உன்னப் பாக்கத்தான் வந்திருக்கான். பேசாம தூங்குடி."

"உடம்பு கொதிக்குதுக்கா. இந்தச் சூடு விட்டாப் போதும்."

ஹெல்கா நீளக்காம்புத் துடைப்பத்தோடு வெளியே போனாள். தலை இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கண்களைப் போல இரண்டு சிறு குழிகள் உருகியிருந்தன. அவசரமாக அந்தப் பனி முழுவதையும் வழித்துத் தள்ளினாள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மேலே கண்ணாடி மெல்லக் கிறீச்சிட்டது. வெளியே பனி பெய்யவில்லை. வானத்தில் பச்சை ஒளி மட்டும் நெளிந்தது. அந்த வெள்ளை உருவம் திரும்பவும் அங்கே கிடந்தது. இப்போது சைமியின் கட்டிலுக்கு நேர் மேலே.

சூட்டை முழுக்கக் கூட்டினாள். கம்பிகள் இரைந்தன. ஈரக் கம்பளி வாடை அடித்தது. கண்ணாடியெங்கும் தண்ணீர் வழிந்தோடியது. அது மட்டும் உருகவில்லை.

தங்கையை எழுப்பி இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். போகத்தான் நினைத்தாள். ஆனால் கால்கள் கெஞ்சின. வெறும் பனிதானே. ஒரே ஒரு நிமிடம். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். கண் செருகியது.

விழித்தபோது இரைச்சல் நின்றிருந்தது.

"சைமி?"

நெற்றியைத் தொட்டாள்.

காய்ச்சல் விட்டிருந்தது. சூடு விட்டிருந்தது. எல்லாமே விட்டிருந்தது. தொட்ட கை குளிரில் விறைத்தது.

அண்ணாந்து பார்த்தாள்.

கூரைமேல் இரண்டு உருவங்கள். நீளமானது ஒன்று. அதை ஒட்டிச் சின்னதாக இன்னொன்று, இடது தோளில் ஒற்றைப் பின்னலோடு. சைமியின் பின்னல்.

சின்னதின் முகத்தில் இரண்டு குழிகள் அப்போதுதான் உருகத் தொடங்கியிருந்தன. ஹெல்காவைப் பார்த்தபடி.