சிமெண்டில் வைத்த பாதம்

சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க நாயாய் அலைந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் பாண்டுரங்கன் கொத்தனார் ஒரு மத்தியானம் சைக்கிள் கேரியரில் அரை மூட்டை சிமெண்டோடு சாலவாக்கத்திலிருந்து வந்து இறங்கினான். வேலை பார்த்த இடத்தில் மிச்சமாம். மழைக்காற்று பட்டால் கட்டி தட்டிவிடும், உடனே எதற்காவது ஆக வேண்டும்.

"வேலிப் படல்லேந்து வாசப்படி வரிக்கும் கல்லு ஊத்திப் போட்டுர்லாம்மே. மழ வந்தா சேத்துல கால் வைக்க முடில," என்றான் பெண்டாட்டியிடம்.

அம்முலு தலையாட்டினாள். அவள் எதற்காவது ஆசையாகத் தலையாட்டி வெகுநாளாகியிருந்தது. மூத்தவள் பவளம் மூன்று வயதில், போன ஐப்பசி மழையில், ஏரி மதகடியில் மிதந்தாள். அப்போது வயிற்றிலிருந்த முத்துகிருஷ்ணன்தான் இப்போது தூளியில் கிடக்கிறான். குப்புற விழவே இப்போதுதான் பழகியிருந்தான்.

பாண்டுரங்கன் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வளையமாக வளைத்தான். உள்பக்கம் எண்ணெய் தடவி, ஆற்று மணலும் பொடி ஜல்லியும் கலந்த சிமெண்டைக் கொட்டி, கரணையால் மட்டம் பண்ணினான். அலங்காரம் அம்முலுவின் பாடு. அவள் உள்ளே போய், பவளத்தின் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை எடுத்து வந்து, கல்லின் ஓரமெல்லாம் பூப்போலப் பதித்தாள். அவன் பார்த்தான். அடுத்த கல்லுக்குச் சிமெண்டு குழைத்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம்.

கிருஷ்ண ஜெயந்திக்கு அரிசி மாவில் வைக்கிற மாதிரியே, கையை முஷ்டியாக மடக்கி ஈரச் சிமெண்டில் அழுத்தினாள். மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி. ஒவ்வொரு கல்லிலும் ஒரு ஜோடி சின்னப் பாதம். எல்லாம் வீட்டைப் பார்த்து.

நனைந்த சாக்கு போர்த்திக் கிடந்த கற்களைப் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"இன்னாடி இது? மாவுல வச்சா சாமி வந்துட்டுப் பூடும். மறுநா பெருக்கித் தள்ளிர்லாம். இத எப்பிடிப் பெருக்குவ? தெனமும் வா வான்னு கூப்டுக்கினே இல்ல கீது?"

"வந்தா வரட்டும்க்கா," என்றாள் அம்முலு.

வந்தது.

கற்களை மண்ணில் பதித்த மறுநாள் விடியலில் சாணம் தெளிக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ராத்திரி மழை இல்லை. தரை காய்ந்து கிடந்தது. ஆனால் பாதக் குழிகளில் மட்டும் தண்ணீர் நின்றது, படலில் தொடங்கி வாசப்படி வரைக்கும். குனிந்து முகர்ந்தாள். ஏரிப் பாசி வாசனை.

அவளுக்குப் பயமே வரவில்லை என்பதுதான் கொடுமை. சந்தோஷத்தில் அழுதாள். ஒரு பிடி பொரி கொண்டுவந்து வாசப்படியில் வைத்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் ஈரம் வாசப்படியைத் தாண்டியது. கூடத்துக்கு வந்தது. தூளிக்கு அடியில் வந்து நின்றது.

அப்புறம் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். அம்முலு அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் தூளிக் கயிறு மெல்லக் கிறீச்சிட்டது. குழந்தை கிளுகிளுவென்று சிரித்தான். கூடவே கண்ணாடி வளையல் சத்தம்.

ஓடி வந்தாள்.

குழந்தையின் இரண்டு காலும் தூளிக்கு வெளியே விறைப்பாக நீண்டிருந்தன. யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. பாதம் இரண்டும் ஐஸாய்ச் சில்லிட்டு, சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"பவளம்..." என்றாள். "தம்பிய வுட்டுடும்மா."

கயிறு நின்றது. பாசி நாற்றம் மட்டும் போகவில்லை.

பாண்டுரங்கன் விஷயத்தைக் கேட்டதும் சம்மட்டியை எடுத்தான். "எல்லாத்தையும் ஒடச்சி ஏரிலயே கொட்டிட்டு வந்துர்றேன்."

அம்முலு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள். "என் கையால வச்ச காலு மாமா. எம் பொண்ணு காலு. அத ஒடைக்கச் சொல்றியா?"

"அப்ப பையன் வாணாமா ஒனக்கு?"

இரண்டு பிள்ளைக்கும் அவள்தானே தாய்? எதை வேண்டாம் என்பாள்? நெடுநேரம் அழுதுவிட்டுச் சொன்னாள்: "திருப்பிப் போட்டுடு மாமா. வெளிய பாத்து. வந்த வயியே பூடுவா."

இருட்டுவதற்குள் கடப்பாரையால் நெம்பி எல்லாக் கல்லையும் திருப்பிப் பதித்தான். பாதங்கள் இப்போது படலைப் பார்த்து நின்றன.

விடிந்தது. வீட்டுக்குள் சொட்டு ஈரம் இல்லை. நாற்றமும் இல்லை. தூளியில் குழந்தை அசையாமல் தூங்கினான். அம்முலு நிம்மதியாக வாசலுக்கு வந்தாள்.

வாசப்படியை ஒட்டிய முதல் கல்லில் அவள் வைத்த பாதங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது.

அதைவிடச் சின்னது.

முஷ்டியால் வைத்ததல்ல. குதிகால், விரல்கள், உள்ளங்கால் ரேகைகூட அச்சாக விழுந்திருந்தது. கடப்பாரை பட்டும் கீறல் விழாத அந்தச் சிமெண்டில், வெளியே பார்த்து.

உள்ளே ஓடித் தூளியிலிருந்து குழந்தையை அள்ளினாள். விரலிடுக்கில் எல்லாம் ஈரச் சிமெண்டு.

"மாமா! ஒடச்சிடு! ஒடச்சிடு மாமா!"

பாண்டுரங்கன் ஓங்கி ஒரு போடு போட்டான். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டுக் கத்தினான். அவன் உள்ளங்கால் சம்மட்டி பட்டதுபோலச் சிவந்து கன்றியது.

சம்மட்டி அவன் கையிலிருந்து நழுவியது.

அம்முலு மற்றக் கற்களைப் பார்த்தாள். அவற்றிலெல்லாம் இதுவரை அவள் வைத்த ஒரு ஜோடிப் பாதம்தான். ராத்திரிக்கு ஒரு கல் என்றால், படல் வரைக்கும் எத்தனை கல் என்று எண்ண அவளுக்குத் துணிவில்லை.

படலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வளையல் ஒரு முறை கிணுங்கியது. அழுதுகொண்டிருந்த குழந்தை அதைக் கேட்டுச் சிரித்தான்.